பத்தி அணையுதா, பத்தவே இல்லையா?

போனை எடுத்ததும் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "பாய், பர்னர் பத்த மாட்டேங்குது." நானும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். பத்தவே இல்லையா, பத்தி அணையுதா? என் தொழிலில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பத்தவே இல்லை என்றால் கேஸ் வந்து சேரவில்லை, அல்லது காற்றோடு சரியான அளவில் கலக்கவில்லை, அல்லது பொறி விழவில்லை. இந்த மூன்றுக்குள் தேடினால் போதும். பத்தி அணைந்தால் விஷயம் வேறு. அங்கே ஏதோ ஒன்று நெருப்பை நிறுத்துகிறது. பெரும்பாலும் அது நிறுத்துவதற்கென்றே கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய பாகம். அதைக் குறை சொல்லிக் கழற்றிப் போடுவதுதான் நான் இத்தனை வருடமாகப் பார்த்து வருகிற பெரிய ஆபத்து.

மங்கலம்பேட்டை, விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. பட்டறை இங்கே, வேலை பெரும்பாலும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க மேல்மண்ணை வெட்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண் பக்கத்திலேயே இருப்பதால்தான் விருத்தாசலத்தில் செராமிக் தொழில் காலூன்றியது. செராமிக் படிப்புக்கென்றே டிப்ளமோ கொடுக்கும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. கொலு பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, மின்சாரப் பெட்டியில் செருகும் ஃபியூஸ் கட்டை என்று சின்னச் சின்ன யூனிட்டுகள் செய்கின்றன. நான் தொழில் கற்ற காலத்தில் விறகும் எண்ணெயும்தான் பேச்சு. இப்போது என்னைக் கூப்பிடுகிற இடங்களில் சிலிண்டர் கேஸ்தான் அதிகம்.

விறகுச் சூளையில் நெருப்பு மூட்டத் தெரிந்தவர்களுக்குக் கேஸ் சுலபம் என்று தோன்றும். திருகினால் வருகிறது, தீக்குச்சி காட்டினால் எரிகிறது. ஆனால் விறகு அணைந்தால் புகையும். கண் எரியும், ஊருக்கே தெரியும். கேஸ் சுடர் அணைந்தால் கேஸ் மட்டும் சத்தமில்லாமல் வந்துகொண்டே இருக்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். மேலே பறந்து போகாது. சூளை வண்டி ஓடுகிற தண்டவாளப் பள்ளத்திலும், சூளைத் தரையிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தால் போதும், ஒரு பொறி கிடைத்ததும் மொத்தமும் ஒரே நொடியில் பத்தும். ஒன்பதரை பங்கைத் தாண்டிவிட்டால் பத்தாது என்பது பாடப்புத்தகத்தில் சரி. கதவைத் திறந்ததும் காற்று புகுந்து அது மறுபடி பத்துகிற அளவுக்கு இறங்கிவிடும் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

சூளை உள்ளே 750 டிகிரியைத் தாண்டிவிட்டால் இந்தக் கவலை பெருமளவு தீர்ந்துவிடும். சிவந்த சுவரே வருகிற கேஸைப் பத்த வைத்துவிடும். ஆபத்தெல்லாம் முதல் சில மணி நேரத்தில். பச்சைப் பாண்டத்தில் இருக்கிற ஈரம் போகிற வரை சிறு தீ வைத்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பொம்மை உள்ளுக்குள்ளேயே வெடித்துச் சிதறும். ஆக, சுடர் மிகச் சிறியதாக, காற்றடித்தால் அணைகிற நிலையில் இருப்பதும் அப்போதுதான். சூளை குளிர்ந்து கிடப்பதும் அப்போதுதான். ராத்திரி சிறு தீ போட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்கிற பழக்கம் விறகுக் காலத்தது. கேஸ் சூளைக்கு அது உதவாது.

பர்னர் என்பது என்ன என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் 1855-க்குப் போய்விடுவேன். ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் தன் ஆய்வகத்துக்காகச் செய்த விளக்கு அது. பள்ளிக்கூட லேபில் எல்லோரும் பார்த்திருப்போம். ஜெட் என்கிற சின்னத் துளை வழியாகக் கேஸ் வேகமாகப் பாயும்போது பக்கத்துக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. எரிகிற வாய்க்கு வருமுன்பே இரண்டும் கலந்துவிடுகின்றன. வீட்டு அடுப்பும் அதுதான், சூளை பர்னரும் அதுதான், மலை ஊரில் குளிருக்கு வைக்கிற கேஸ் கணப்பும் அதுதான். ஒரு பங்கு புரோப்பேனுக்கு 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. சிலிண்டரில் இருப்பது இந்த இரண்டின் கலவை. ஆக பர்னரில் ஓடுவது பெரும்பாலும் காற்றுதான், கேஸ் கொஞ்சம். எரியவில்லை என்றதும் எல்லோரும் கேஸ் பக்கமே தேடுகிறார்கள். நான் முதலில் காற்று வருகிற வழியைப் பார்ப்பேன்.

சுடரே பாதி சொல்லிவிடும். மஞ்சளாக, நீளமாக, நுனியில் கருப்புத் தட்டி ஆடினால் காற்று போதவில்லை. பர்னர் வாயை விட்டு எகிறி நின்று இரைந்தால் காற்று அதிகம், அல்லது பிரஷர் அதிகம். 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுச் சுடர் மறைந்து, குழாய்க்குள் உறுமல் கேட்டால் நெருப்பு பின்னால் போய் ஜெட் வாயிலேயே எரிகிறது. அப்போது குழாயைக் கையால் தொடக்கூடாது. உடனே மூட வேண்டும்.

கொலு, கார்த்திகை சீசன் முடிந்து சில வாரம் சூளை சும்மா கிடக்கும். அதற்குப் பிறகு வருகிற முதல் போன் பெரும்பாலும் குளவியால்தான். பர்னர் குழாயில் காற்று புகுகிற ஓட்டை விரல் மொத்தத்துக்கு இருக்கும். மண்குளவிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. உள்ளே மண்ணைக் குழைத்து அறை அறையாகக் கட்டிவைத்துவிடும். ஒருமுறை ஒரு யூனிட்டில் ரெகுலேட்டரை மாற்றி, ஹோஸை மாற்றி, வால்வையும் மாற்றிவிட்டு, "இனி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டறதுதான் பாக்கி பாய்" என்றார் முதலாளி. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர், எங்கள் பக்கத்தில் வேறு வழியில்லாதவர்கள் தங்கள் குறையை எழுதிக் கட்டிவிட்டு வருகிற சாமி. குழாயைக் கழற்றித் தரையில் தட்டினேன். காய்ந்த மண்ணும், கூட்டுக்குள் குளவி சேர்த்துவைத்திருந்த செத்த சிலந்திகளும் கொட்டின. அவர் மாற்றிய பாகம் எல்லாமே நல்ல நிலையில் இருந்தவை. இப்போது சூளை நிறுத்தினால் காற்று ஓட்டைக்கு மெல்லிய கம்பிவலை கட்டி வைக்கச் சொல்கிறேன். பத்த வைக்கும்போது வலையை எடுத்துவிட வேண்டும். தூசு படிந்த வலையும் காற்றை அடைக்கும்.

ஜெட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பித்தளைக் கட்டை, நடுவில் துளை. பைலட், அதாவது பர்னரைப் பத்த வைக்கிற சின்னச் சுடர், அதன் ஜெட் என்றால் துளை தலைமுடி கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அடைத்துக்கொண்டதும் கையில் கிடைத்த ஊசியை விட்டுக் குத்துவார்கள். ஊசி எஃகு, ஜெட் பித்தளை. ஒரு குத்தில் துளை பெரிதாகி விளிம்பு கோணிவிடும். அதற்குப் பிறகு கேஸ் நேராகப் பாயாது, காற்றைச் சரியாக இழுக்காது, சுடர் ஒரு பக்கமாகச் சாயும். நான் தின்னரில் ஊறப்போட்டு, வாய்ப்பக்கமிருந்து பின்பக்கமாகக் காற்றடிப்பேன். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பேன். துளை வட்டமாக, சுத்தமான வெளிச்சப் புள்ளியாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பிசிறு தெரிந்தால் அந்த ஜெட் வேண்டாம், புதிது போட்டுவிடுவது நல்லது. ஹோஸிலும் ஒரு சங்கதி உண்டு. பழைய ரப்பர் குழாயில் தாழ்ந்து தொங்குகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும். அது நகர்ந்து வந்து ஜெட்டை அடைக்கும். ஜெட்டை மட்டும் துடைத்தால் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள்.

அடுத்தது பிரஷர். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் கேஸ். ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. குளித்துவிட்டு ஈர உடம்போடு காற்றில் நின்றால் நடுங்குவதைப் போலத்தான் சிலிண்டரும் குளிர்ந்துபோகிறது. 19 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து விடாமல் எடுத்தால் மணிக்குச் சுமார் அரை கிலோதான் நம்பிக்கையாகக் கிடைக்கும். சூளை அதைப்போல பல மடங்கு கேட்கும். அதனால்தான் பல சிலிண்டர்களை ஒரு மேனிஃபோல்டில் சேர்த்துக் கட்டுகிறோம். சிக்கனம் என்று எண்ணிக்கையைக் குறைத்தால் விடிகாலையில் சிலிண்டரின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும், கேஜ் முள் இறங்கியிருக்கும், சுடர் சுருங்கியிருக்கும். உள்ளே பாதிக்கு மேல் கேஸ் இருக்கும். "சிலிண்டர் தீர்ந்துபோச்சு, ஏமாத்திட்டான்" என்று ஏஜென்சிக்காரரைத் திட்டுவார்கள். சிலர் சிலிண்டரைப் படுக்கப்போட்டு உருட்டுவார்கள். படுக்கப்போட்டால் கேஸுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு துளித் திரவம் ஆவியானால் இருநூறு மடங்குக்கு மேல் விரியும். பர்னர் வாயில் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும். இதை எந்தச் சூளையில் பார்த்தாலும் வேலையை நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன்.

வீட்டு அடுப்பு, ஹீட்டர் போன்ற குறைந்த பிரஷர் சாமான்களுக்கு என்னிடம் ஒரு பலகை இருக்கிறது. அதில் நிறமில்லாத பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்து மாதிரி வளைத்து அடித்து, நடுவில் ஒரு அளவுகோல் ஒட்டி, கண்ணுக்குத் தெரிய இரண்டு சொட்டு நீலம் கலந்த தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஒரு முனையைக் கேஸ் வழியில் மாட்டினால் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இருந்தால் வீட்டு ரெகுலேட்டர் சரியாக வேலை செய்கிறது. முக்கியமானது அடுத்த படி. பர்னரை எரியவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 30 காட்டி, எரியும்போது 15-க்கு இறங்கினால் வருகிற வழியில் எங்கோ அடைப்பு: ரெகுலேட்டர், வால்வு வாயில் உள்ள சல்லடை, மடிந்த ஹோஸ், குளிர்ந்த சிலிண்டர். இறங்காமல் அப்படியே நின்றும் சுடர் சரியில்லை என்றால் குறை ஜெட்டிலோ அதற்குப் பிறகோ. செலவில்லாத கருவி, இதை மிஞ்ச ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

இனி பத்தி அணைகிற கதை. பைலட் சுடருக்குள் பென்சில் நுனி மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது தெர்மோகப்பிள். எங்கள் ஊர்ச் சூளைக்காரர்களுக்குத் தெர்மோகப்பிள் என்றால் சூளை எத்தனை டிகிரி என்று காட்டுகிற கருவி. அதே சங்கதிதான் இங்கே காவலுக்கும் நிற்கிறது. இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1821-ல் தாமஸ் சீபெக் கண்டார். பைலட் சுடர் பட்டால் இந்தக் கம்பி 25, 30 மில்லிவோல்ட் கொடுக்கும். அந்தத் துளி மின்சாரம் வால்வுக்குள் இருக்கிற காந்தத்தைப் பிடித்து வைக்கும். காந்தம் பிடித்திருக்கிற வரை கேஸ் வரும். சுடர் அணைந்தால் கம்பி ஆறும், காந்தம் விடும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். பத்த வைக்கும்போது குமிழை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது இந்தக் கம்பி சூடாகத்தான்.

அழுத்தி விட்டதும் அணைகிறதா? மூன்று இடம் பார்க்க வேண்டும். சுடர் கம்பியின் நுனியை ஒரு சென்டிமீட்டருக்காவது முழுதாகச் சுற்றிப் பிடிக்கிறதா. இல்லையென்றால் பைலட் ஜெட்டிலோ அதன் காற்று ஓட்டையிலோ அடைப்பு. கம்பியின் மறுமுனை வால்வில் திருகியிருக்கும் இடம் சுத்தமாக இருக்கிறதா. அங்கே கொஞ்சம் களிம்பு ஏறினாலும் மில்லிவோல்ட் கடக்காது. மெல்லிய எமரித் தாளால் துடைத்து, கையால் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் உள்ளே இருக்கும் இன்சுலேஷன் வாஷர் நசுங்கும். இவை இரண்டும் சரியாக இருந்து மீட்டர் 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மட்டும் தெர்மோகப்பிளை மாற்றலாம். நடைமுறையில் எல்லோரும் மூன்றாவதை முதலில் செய்கிறார்கள்.

அதைவிட மோசம், குமிழை அழுத்தி வைத்துக் கம்பியால் கட்டிவிடுவது. அப்படிக் கட்டியிருந்த ஒரு சூளையில் ராத்திரி சிறு தீயில் சுடர் அணைந்தது. வால்வு மூட வழியில்லை. கேஸ் விடிகிற வரை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் வந்த தொழிலாளி சுடர் இல்லை என்று பார்த்து, செய்தித்தாளைச் சுருட்டிப் பத்த வைத்து நீட்டினார். சூளைக் கதவு கீலோடு பெயர்ந்து போனது. அவர் கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றதால் முகத்திலும் கையிலும் தீக்காயத்தோடு பிழைத்தார். நான் போய்ப் பார்த்தபோது வால்வில் அந்தச் செம்புக் கம்பி அப்படியே முறுக்கி நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் தணியவில்லை. தெர்மோகப்பிள் ஒன்றின் விலை அந்த மனிதரின் இரண்டு நாள் கூலிகூட இருக்காது. அணைந்த சூளையை மறுபடி பத்த வைக்கும் முன் கேஸை மூடி, கதவையும் புகைவழி டேம்பரையும் முழுக்கத் திறந்து காத்திருக்க வேண்டும். ஊதுகிற ஃபேன் இருந்தால் ஐந்து நிமிடம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் கூடுதல் நேரம். மூக்கைத் தரைப்பக்கம் தாழ்த்தி மோந்து பார்த்த பிறகுதான் தீக்குச்சி.

இதே தெர்மோகப்பிள் விவகாரம்தான் என்னைக் கொடைக்கானல் வரை கொண்டுபோனது. விருத்தாசலத்தில் பொம்மை வாங்குகிற ஒருவருக்கு மலையில் ஒரு பழைய பங்களா. விறகு எரித்த கணப்புக்குள் வெளிநாட்டுக் கேஸ் ஹீட்டர் ஒன்றை வைத்திருந்தார். பார்க்க விறகுக் கட்டை எரிவது போலவே இருக்கும். கட்டைகள் செராமிக். "காலையில பத்தவே மாட்டேங்குது, ராத்திரி பத்தினா ஒரு மணி நேரத்துல தானா அணைஞ்சிடுது" என்றார். இரண்டு குறையையும் தனித்தனியாகச் சொன்னதே எனக்குப் பெரிய உதவி.

காலைக் குறை எளிது. சிலிண்டர் வெளியே வெயில் படாத வடக்குச் சுவரோரம் நின்றது. வெளியே வைத்தது சரிதான். ஆனால் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்தாலே ஆவியாவதை நிறுத்திவிடுகிற சரக்கு. மார்கழிக் குளிரில், அதுவும் முக்கால்வாசி தீர்ந்த சிலிண்டரில், பிரஷர் பாவமாகத்தான் இருக்கும். பலகையை மாட்டினேன், எரியவிட்டதும் நீலத் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. இரண்டு சிலிண்டரைச் சேர்த்துக் கட்டி, வெயில் விழுகிற பக்கத்துக்கு மாற்றியதும் காலையிலும் பத்தியது. செராமிக் கட்டைகளை யாரோ துடைத்துவிட்டு இடம் மாற்றி அடுக்கியிருந்தார்கள். ஒரு கட்டை பர்னர் வாயை மறித்து, அதன் அடியில் கரி அப்பியிருந்தது. எங்கள் சூளைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற அதே செராமிக் ஃபைபர். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தூசு பறக்காமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அடியில் இருந்த முளைகளுக்கு நேராகத் திரும்ப உட்காரவைத்தேன்.

ராத்திரிக் குறைதான் முக்கியமானது. உள்ளூரில் ஏற்கெனவே தெர்மோகப்பிளை மாற்றியிருந்தார்கள், குறை போகவில்லை. பைலட்டை உற்றுப் பார்த்தபோது அது சாதாரண பைலட் இல்லை என்று புரிந்தது. அறைக் காற்றில் ஆக்ஸிஜன் வழக்கமான 21 சதவீதத்திலிருந்து 18 பக்கம் இறங்கினால் சுடர் கம்பியை விட்டு எழும்பி விலகுகிற மாதிரி செய்தது. விலகினால் கம்பி ஆறும், வால்வு மூடும். நிமிர்ந்து அறையைப் பார்த்தேன். ஜன்னல் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டி. கதவுக்கு அடியில் துணிச் சுருள். பழைய புகைபோக்கியைக் குரங்கும் மழையும் வராமல் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே நம் ஊரில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இந்த வகை ஹீட்டருக்குப் பல கம்பெனிகள் எத்தனை உயரம் வரை வைக்கலாம் என்று கையேட்டிலேயே எல்லை போட்டிருக்கும். அந்தக் கருவி ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மணி நேரத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

"அந்த சென்சாரை மட்டும் எடுத்துவிட்டுடுங்களேன், நாங்க ஜன்னலைத் திறந்து வச்சுக்கறோம்" என்றார். குளிரில் யார் திறந்து வைப்பார்கள்? மலை ஊர்களில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி, காலையில் எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்துகொண்டேதான் இருக்கிறது. கேஸும் காற்று போதாமல் எரிந்தால் அதே கார்பன் மோனாக்ஸைடைத்தான் விடும். சிலிண்டர் கேஸில் கசிவு தெரிவதற்காக நாற்றம் சேர்த்திருக்கிறார்கள், மோனாக்ஸைடுக்கு நாற்றம் கிடையாது. வாடை வரவில்லை என்று நிம்மதியாகப் படுப்பதில் அர்த்தமில்லை. இதையெல்லாம் அவர் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். சென்சாரைத் தொட மாட்டேன், வேறு ஆளை வைத்துத் தொட்டாலும் அந்த அறையில் யாரையும் படுக்கவைக்காதீர்கள் என்றேன்.

புகைபோக்கிப் பலகையை எடுத்து, மேலே மழை மூடியும் கம்பிவலையும் போட்டோம். ஜன்னலுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மூடவே முடியாத காற்று வழி வைத்தோம். அன்று மாலை பத்த வைத்துப் படுக்கிற நேரம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சுடர் கம்பியை விட்டு விலகவில்லை. அடுத்த மாதம் போன் செய்து, அறை முன்னைப்போல அவ்வளவு சூடாவதில்லை என்றார். உண்மைதான், புகைபோக்கி வழியாகச் சூடும் கொஞ்சம் போகும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்துப் புகையையும் வெளியே தள்ளுகிற ஹீட்டராக, அந்த உயரத்துக்கான ஜெட்டோடு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அது வருகிற வரை படுக்கப் போகும்போது சிலிண்டர் வால்வையே மூடிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.